காதில் நிற்கும் அளவுகள்

நேயர்களுக்கு என் வணக்கம்.

வானொலியில் சமையல் குறிப்பு சொல்வதில் ஒரு சங்கடம் இருக்கிறது. நான் "250 கிராம்" என்று சொல்லி முடிப்பதற்குள் நீங்கள் பேனா தேடப் போயிருப்பீர்கள். பேனா கிடைத்து, அது எழுதவில்லை என்று தெரிந்து, இன்னொரு பேனாவோடு வந்து உட்காரும்போது நான் அடுப்பை அணைத்திருப்பேன். அதனால் இன்றைக்கு எழுதிக்கொள்ளவே தேவையில்லாத குறிப்புகளாகப் பொறுக்கிக்கொண்டு வந்திருக்கிறேன். பழம் மலிந்து கிடக்கும் பருவத்தில் செய்கிற தின்பண்டங்கள் இரண்டு மூன்று, வீட்டில் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட ஒரு சாப்பாடு. அவ்வளவுதான்.

சமையலே தெரியாதவர்களுக்கு மாலை நேரத்தில் வகுப்பு எடுக்கிறேன். முதல் நாளே எல்லோரும் கேட்பது, "ஈசியா ஏதாவது சொல்லிக் கொடுங்க." ஈசி என்றால் என்ன என்று திருப்பிக் கேட்டால், பொருள் குறைவாக இருக்க வேண்டும் என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஜாமுக்குப் பழம், சர்க்கரை, கொஞ்சம் எலுமிச்சைச் சாறு, மூன்றே பொருள்தான். ஆனால் ஒரு முறையாவது அதில் கோட்டை விடாதவர்களை நான் பார்த்ததில்லை. பத்துக் காய்களைப் போட்டு வைக்கும் சூப்பிலோ தப்பு செய்ய நினைத்தாலும் இடம் கிடைக்காது. எதைச் செய்தாலும் அதில் ஓர் இடத்தில்தான் முடிச்சு இருக்கும். அங்கே மட்டும் கண்ணை வைத்துக்கொண்டால் போதும், மற்ற நேரத்தில் ஜன்னல் வழியே வேடிக்கை பார்க்கலாம்.

சரி, முதலில் பிஸ்கட். இதற்கு அளவு ஒன்று, இரண்டு, மூன்று. சர்க்கரை ஒன்று, வெண்ணெய் இரண்டு, மைதா மூன்று. 100 கிராம் சர்க்கரை எடுத்தால் வெண்ணெய் 200, மைதா 300. எல்லாமே எடைக்கணக்கு, கப் கணக்கு இல்லை. மாவை அழுத்தி அள்ளினால் ஒரு கப் 150 கிராம் வரும், தளர்வாக அள்ளினால் 120-தான் வரும். பிஸ்கட்டில் இந்த 30 கிராம் சின்ன விஷயம் இல்லை. சமையலறைக்கு என்று ஒரே ஒரு சாமான் வாங்குவதாக இருந்தால், பொரிக்கிற எந்திரம், சுடுகிற எந்திரம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஒரு சின்னத் தராசு வாங்குங்கள் என்பேன்.

வெண்ணெய் விரலால் அழுத்தினால் குழி விழும் மென்மையில் இருக்க வேண்டும், உருகியிருக்கக் கூடாது. சர்க்கரையோடு சேர்த்துக் குழையுங்கள், மாவைக் கொட்டுங்கள், ஒரு சிட்டிகை உப்பு. மாவு சேர்ந்த பிறகு சப்பாத்திக்குப் பிசைவது போலப் பிசையவே கூடாது. பிசையப் பிசைய மாவுக்குள் குளூட்டன் என்ற புரதம் இழை ஓடி இழுவையாகும். சப்பாத்திக்கு அது வரம், பிஸ்கட்டுக்குச் சாபம். ஒன்று திரண்டால் போதும், நிறுத்திவிடுங்கள். அரை சென்டிமீட்டர் கனத்தில் வெட்டி, 170 டிகிரியில் 15 முதல் 20 நிமிடம்.

முடிச்சு எங்கே இருக்கிறது தெரியுமா? ஓவனைத் திறந்து தொட்டுப் பார்ப்பீர்கள், பிஸ்கட் மெத்தென்று இருக்கும். வேகவில்லை என்று நினைத்து இன்னும் பத்து நிமிடம் விடுவீர்கள். தீய்ந்துவிடும். சூட்டில் அது மெத்தென்றுதான் இருக்கும், ஆறினால்தான் மொறுமொறுப்பு வரும். ஓரம் லேசாக நிறம் மாறியதும் எடுத்துவிட்டு நம்பிக்கையோடு காத்திருங்கள்.

பருவத்துக்கு ஏற்ப மாற்ற வேண்டும் என்றால், ஆரஞ்சு கிடைக்கும் நாட்களில் அதன் தோலைத் துருவி முதலில் சர்க்கரையோடு சேர்த்து விரலால் தேயுங்கள். தோலில் உள்ள எண்ணெய் இறங்கி, சர்க்கரை ஈரமணல் மாதிரி ஆகி மணக்கும். மேல்தோல் மட்டும்தான், அடியில் இருக்கும் வெள்ளை கசக்கும்.

அடுத்தது சாப்பாடு. ஒரே தட்டில் எல்லோருக்கும் ஆகிவிடும். மஞ்சள் பூசணி, உருளைக்கிழங்கு, கேரட், வெங்காயம், அந்தந்தப் பருவத்தில் எது மலிவாகவும் நன்றாகவும் இருக்கிறதோ அது. கட்டைவிரல் கனத்தில் நறுக்கி, துண்டுகள் மினுமினுக்கும் அளவு எண்ணெய், உப்பு, மிளகுத்தூள் போட்டுப் பிரட்டி, 200 டிகிரி ஓவனில் சுமார் 40 நிமிடம். நடுவில் ஒரு தடவை திருப்பி விடுங்கள். இதில் ஏமாற்றம் வருவது ஒரே காரணத்தால்: தட்டில் நெருக்கி அடுக்குவது. ஈரம் இருக்கும்வரை காயின் மேற்பரப்பு 100 டிகிரியைத் தாண்டாது. சிவந்து மணம் வருவதற்கு 140-க்கு மேல் போக வேண்டும். துண்டுகள் ஒன்றின் மேல் ஒன்று கிடந்தால் ஒன்று விடும் ஆவியிலேயே இன்னொன்று வெந்துபோகும். வறுவலுக்கு ஆசைப்பட்டவருக்கு அவியல் கிடைக்கும். ஓவன் இல்லாதவர்கள் கனமான வாணலியில், மூடாமல், இரண்டு மூன்று ஈடாகப் போட்டு வறுக்கலாம்.

பாதியை அன்றைக்குச் சாப்பிடுங்கள், மேலே அவித்த முட்டை வைத்துக்கொண்டால் வயிறு நிறையும். மீதியை மறுநாள் மிக்சியில் அடித்து, தண்ணீர் விட்டு ஒரு கொதி விட்டால் சூப். உப்பு சரியாக இருந்தும் என்னவோ குறைகிறது என்று தோன்றினால், அது உப்பாக இருக்காது, புளிப்பாக இருக்கும். இறக்கிய பிறகு அரை மூடி எலுமிச்சை பிழியுங்கள். மீதியை எடுத்து வைப்பது என்றால் இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்குள் போக வேண்டும், சோறும் அப்படித்தான்.

வெங்காயம் என்றதும் ஒரு கோபம் ஞாபகம் வருகிறது. "வெங்காயத்தை நன்கு சிவக்கும்வரை 5 நிமிடம் வதக்கவும்" என்று எழுதுகிறார்களே, அப்படி எழுதியவர்கள் எப்போதாவது வெங்காயம் வதக்கியிருப்பார்களா? ஐந்து நிமிடத்தில் அது கண்ணாடி மாதிரி ஆகும், அவ்வளவுதான். உள்ளுக்குள் இனிப்பு ஏறி, தேன் நிறத்துக்கு வர மிதமான தீயில் அரை மணி முதல் முக்கால் மணி ஆகும். அந்த வரியை நம்பித் தீயைக் கூட்டி, வெங்காயத்தைக் கருக்கி, தனக்குச் சமையல் வராது என்று முடிவு கட்டியவர்கள் என் வகுப்பில் எத்தனையோ பேர்.

இப்போது ஜாமுக்கு வருகிறேன். கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்வேன், ஏனென்றால் பருவம் முடிந்த பிறகும் அந்தப் பழத்தைச் சாப்பிட வைப்பது இதுதான்.

என்னுடைய முதல் ஜாம் ஸ்ட்ராபெரியில். கொதித்துக்கொண்டே இருந்தது, தண்ணீராகவே இருந்தது. கடையில் வாங்கும் ஜாம் மாதிரி பாத்திரத்திலேயே இறுகும் என்று நினைத்துக் காத்திருந்தேன். கடைசியில் கெட்டிப்பட்டது. பாட்டிலில் நிரப்பிப் பெருமையாக வைத்தேன். மறுநாள் காலையில் கரண்டி உள்ளே இறங்கவில்லை. பலம் கொடுத்துக் குத்தினதில் கரண்டி வளைந்தது. அந்த வளைந்த கரண்டியை இன்னும் வைத்திருக்கிறேன். வகுப்பில் ஜாம் நாளன்று அதைத்தான் முதலில் எடுத்துக் காட்டுவேன்.

அளவு சுலபம். பழம் எவ்வளவோ சர்க்கரை அவ்வளவு, ஒரு கிலோவுக்கு ஒரு எலுமிச்சை. ஜாம் இறுகுவதற்குக் காரணம் பழத்திலேயே இருக்கும் பெக்டின் என்ற பொருள். அது வலைபோலப் பின்னிக்கொள்ளச் சர்க்கரையும் புளிப்பும் துணைக்கு வேண்டும். ஆப்பிளிலும் கொய்யாவிலும் ஆரஞ்சுத் தோலிலும் பெக்டின் நிறைய. ஸ்ட்ராபெரியிலும் பேரிக்காயிலும் குறைவு. அப்புறம், பழம் கனியக் கனியப் பெக்டின் உடைந்து குறைந்துகொண்டே போகும். அழுகப்போகிற பழத்தை எல்லாம் ஜாமில் தள்ளலாம் என்று நினைப்போம் இல்லையா, அதுதான் தப்புக் கணக்கு. நல்ல மணத்துக்குக் கனிந்தது முக்கால் பங்கு, இறுகுவதற்குச் செங்காய் கால் பங்கு என்று எடுங்கள்.

வாய் அகன்ற பாத்திரம், ஒரு தடவைக்கு ஒரு கிலோ பழத்துக்கு மேல் வேண்டாம். அதிகம் போட்டால் கொதிக்கும் நேரம் நீளும், நீண்டால் பழத்தின் மணமும் போகும், பெக்டினும் போகும். பழம் குழைந்த பிறகு சர்க்கரை. சர்க்கரை முழுக்கக் கரைந்த பிறகுதான் தீயைக் கூட்ட வேண்டும். தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். ஈரம் வற்றிச் சர்க்கரை செறியும்போது கொதிநிலை ஏறி 104, 105 டிகிரிக்கு வரும், அதுதான் பதம். இது கடல்மட்டக் கணக்கு. மலையில் இருப்பவர்களுக்குத் தண்ணீரே குறைந்த சூட்டில் கொதிக்கும், அங்கே தண்ணீர் கொதிக்கிற சூட்டுக்கு மேல் நாலைந்து டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வெப்பமானி இல்லையா? ஆரம்பிக்கும்போதே இரண்டு சின்னத் தட்டுகளை ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். பதம் வந்ததாகத் தோன்றும்போது சில்லிட்ட தட்டில் ஒரு சொட்டு விட்டு, ஒரு நிமிடம் கழித்து விரலால் தள்ளுங்கள். மேலே சுருக்கம் விழுந்தால் ஆயிற்று. இந்த ஒரு நிமிடமும் அடுப்பு அணைந்திருக்க வேண்டும். என் கரண்டியை வளைத்த முடிச்சு இதுதான். பதம் பார்க்கிறோம் பார்க்கிறோம் என்று நாம் நிற்கும்போதே அடுப்பில் பதம் தாண்டிப் போய்க்கொண்டிருக்கும்.

சர்க்கரையைக் குறைக்கலாமா என்று தவறாமல் கேட்பார்கள். ஒரு பெரியவர், "ஏம்மா, பாதி போட்டா என்ன ஆயிடும்?" என்றார். ஒன்றும் ஆகாது, சாப்பிட நன்றாகவே இருக்கும். ஆனால் ஜாமில் சர்க்கரை இனிப்புக்கு மட்டும் இல்லை. அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால் கிருமிக்குக் குடிக்கத் தண்ணீர் கிடைப்பதில்லை. பாதியாகக் குறைத்தால் காவல்காரனைப் பாதி நேரத்துக்கு வீட்டுக்கு அனுப்பின மாதிரி. ஃப்ரிட்ஜில் வைத்து இரண்டு, மூன்று வாரத்தில் காலி செய்துவிடுங்கள். பாட்டிலைக் கழுவி 10 நிமிடம் கொதிநீரில் போட்டெடுத்து, சூடான பாட்டிலில் சூடாகவே நிரப்ப வேண்டும்.

பாட்டிலில் அடைத்துக் காக்கும் முறையைக் கண்டுபிடித்ததற்காக 1810-ல் நிக்கோலா அப்பேர் என்பவருக்குப் பிரெஞ்சு அரசு 12,000 பிராங்க் பரிசு கொடுத்தது. ஏன் கெடாமல் இருக்கிறது என்று அவருக்கே தெரியாது, கிருமிதான் காரணம் என்று லூயி பாஸ்டர் என்ற விஞ்ஞானி காட்ட இன்னும் அரை நூற்றாண்டு ஆயிற்று. ஆனால் பழத்துக்குச் செய்வதைப் பீன்ஸுக்கும் பட்டாணிக்கும் செய்துவிடாதீர்கள். புளிப்பில்லாத காயில், காற்றுப் புகாத பாட்டிலுக்குள், கொதிநீருக்கும் சாகாத ஒரு கிருமி உயிரோடு இருந்து விஷம் கக்கும். அவற்றை ஃப்ரீசரில் வையுங்கள்.

கடைசியாக, வெயில் காலத்துக்கு ஐஸ்கிரீம். அளவே கிடையாது, ஒரே பொருள்: வாழைப்பழம். தோலில் கரும்புள்ளி விழுந்த பழமாகப் பார்த்து, வட்டமாக நறுக்கி, இரவு முழுக்க ஃப்ரீசரில் வைத்து மிக்சியில் அடியுங்கள். முதலில் பொடிப்பொடியாக உதிரும், அப்புறம் உருண்டையாக ஒட்டும், உங்களுக்கு எரிச்சல் வரும், பால் ஊற்றலாமா என்று கை துருதுருக்கும். ஊற்றாதீர்கள். ஓரத்தை வழித்துவிட்டு இன்னும் ஒரு நிமிடம் அடித்தால் திடீரென்று கிரீம் மாதிரி வழுவழுப்பாகிவிடும். சர்க்கரை, தேன் எதுவும் வேண்டாம். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கொடுக்கவே கூடாது.

வீட்டில் பிள்ளைகள் இருந்தால், ஒரு சின்ன ஜிப் பையில் ஒரு டம்ளர் பாலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரையும் விட்டு இறுக்கி மூடி, மூன்று பங்கு ஐஸ், ஒரு பங்கு உப்பு போட்ட பெரிய பைக்குள் வைத்து, துண்டில் சுற்றிக் குலுக்கச் சொல்லுங்கள். உப்பு ஐஸை உருக்கும், உருகுகிற ஐஸ் தனக்கு வேண்டிய வெப்பத்தைப் பாலிடமிருந்து பிடுங்கிக்கொள்ளும். பூஜ்யத்துக்கு வெகு கீழே போகும் குளிர். 1843-ல் அமெரிக்காவில் நான்சி ஜான்சன் என்ற பெண்மணி காப்புரிமை வாங்கிய கைச்சுற்று ஐஸ்கிரீம் எந்திரத்தில் வெளித்தொட்டியில் இருந்ததும் இதே உப்பும் ஐஸும்தான். பத்து நிமிடத்தில் இறுகிவிடும். திறப்பதற்கு முன் சின்னப் பையின் வெளிப்புறத்தைக் குளிர்ந்த தண்ணீரில் கழுவுங்கள். நாங்கள் முதல் முறை கழுவவில்லை. பிள்ளைகள் ஒரு வாய் வைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

ஜாம் இறுகவே இல்லை, என்ன செய்வது என்று போன வாரம் ஒருவர் கேட்டார். இன்னொரு ஸ்பூன் எலுமிச்சைச் சாறு விட்டு மறுபடி கொதிக்க விடலாம் என்று சொன்னேன். அப்புறம், நான் செய்வதையும் சொன்னேன். அதற்குப் பழப்பாகு என்று பெயரை மாற்றி, வாழைப்பழ ஐஸ்கிரீம் மேல் ஊற்றிக் கொடுத்துவிடுவேன். இதுவரை யாரும் கேள்வி கேட்டதில்லை.

நன்றி, வணக்கம்.