மலை எந்தப் பக்கம்?

நேயர்களுக்கு வணக்கம்.

நானும் என் வீட்டுக்காரரும் ஒரு பாய்மரப் படகில் குடியிருக்கிறோம், மலேசியாவின் லங்காவித் தீவை ஒட்டிய கடலில். அவர் கப்பலில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர், சொந்த ஊர் உவரி. நான் பாளையங்கோட்டைக்காரி. ஊருக்கு வரும்போதெல்லாம் எல்லாரும் கேட்பது, "அங்கே வருஷம் முழுக்க ஒரே வெயில்தானே, சலிக்காதா?"

சலிக்கவே சலிக்காது. பருவம் மாறுவதை நான் கவனிக்க ஆரம்பித்ததே படகுக்குப் போன பிறகுதான்.

நமக்குப் பருவம் என்றால் காற்றுதானே. ஆனி பிறந்ததும் செங்கோட்டைக் கணவாய் வழியாக மேல்காற்று இறங்குகிறது. குற்றாலத்தில் சாரல், முப்பந்தலில் காற்றாலைகள் ஓயாமல் சுற்றுகின்றன. ஐப்பசியில் காற்று திரும்பி, வடகிழக்கிலிருந்து மழையைக் கொண்டு வருகிறது. ஊரில் இருந்தவரை இதெல்லாம் எனக்கு எந்த ஜன்னலைச் சாத்துவது என்ற அளவோடு முடிந்துபோனது. படகில் அப்படி முடியாது. நங்கூரம் போட்ட படகு, காற்று வரும் திசைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கும். காற்று மாறினால் வீடே திரும்பிவிடும்.

இந்த இடத்தில் என் அக்காள் கதையைச் சொல்லாமல் போக முடியாது. அம்பாசமுத்திரத்தில் இருக்கிறாள், ஒரு சித்திரையில் எங்களோடு தங்க வந்தாள். எங்கள் அடுப்படி படகின் பின்பக்கம், படிக்கட்டை ஒட்டி. அங்கே நின்று நிமிர்ந்தால் படகுக்குப் பின்னால் இருப்பதுதான் கண்ணில் படும். மார்கழி முதல் பங்குனி வரை அங்கே வடகிழக்குக் காற்று. அதற்கு மறைவாகத் தீவின் தென்மேற்குப் பக்கம் நிற்போம். ஆகவே படகுக்கு முன்னால் மலை, அடுப்படியிலிருந்து பார்த்தால் வெறும் கடல். வந்த நாளிலிருந்து அக்காள் அந்தக் கடலைப் பார்த்துத்தான் காபி குடித்தாள். ஒருநாள் விடியக்காலம் ஒரே கூப்பாடு: "ஏட்டி, எந்திரி! மலை பக்கத்துல வந்துட்டு!"

எங்கள் வீட்டுக்காரர் மேலே போய் ஒரு பார்வை பார்த்தார். "கச்சான் பிறந்தாச்சு. காபி குடிச்சிட்டுக் கிளம்புவோம்" என்றார். தென்மேற்குக் காற்று தொடங்கி, படகு நேர் எதிர்த்திசைக்குத் திரும்பி நிற்கிறது, வேறொன்றும் இல்லை. நீரோட்டமும் படகைத் திருப்பும், ஆனால் அது ஆறு மணி நேரத்துக்கொரு தரம் போக்கு மாறிவிடும். இது மாதக்கணக்கில் நிற்கும். கரையைப் பார்த்து அடிக்கும் காற்றில் படகை வைத்திருக்கக் கூடாது, நங்கூரம் இழுபட்டால் நேரே பாறைதான். அதனால் தீவின் கிழக்குப் பக்கம் குடிபோனோம். போய்ச் சேரும்வரை அக்காள் காபியைத் தொடவில்லை. நகர்கிற மலையை நம்பி எப்படிக் குடிப்பது? இன்றைக்கும் ஃபோனை எடுத்தால் அவள் முதல் கேள்வி, "மலை எந்தப் பக்கம் நிக்கு?" அந்தப் பதிலிலேயே அவளுக்கு மாதம் தெரிந்துவிடும்.

இன்னொன்று. நமக்கு மழை தரும் அதே வடகிழக்குக் காற்று லங்காவிக்கு வறண்ட காற்று. மலாய்த் தீபகற்பத்தின் கிழக்குக் கரையில் மழையைக் கொட்டிவிட்டு, மலையைத் தாண்டி வெறுங்கையோடு வருகிறது. திருநெல்வேலிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டுமா என்ன? ஆடி மாதம் கேரளாவில் கொட்டித் தீர்த்துவிட்டு நம்மிடம் வெறும் காற்றாகத்தானே வருகிறது! அந்த வறண்ட மாதங்களில்தான் நான் மேல்தளத்தில் மோர்மிளகாய் காயப்போடுவேன். மற்ற மாதங்களில் அலமாரிக்குள் செருப்புகூடப் பூசணம் பூத்துவிடும். கடல்தண்ணீரில் அலசிய துணி மட்டும் எந்தப் பருவத்திலும் முழுசாகக் காயாது, அதிலுள்ள உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும்.

கச்சான் பருவத்திலும் சுகம் உண்டு. சுமத்ரா பக்கமிருந்து விடியலுக்கு முன் மேகம் வரிசை கட்டி வரும். பலத்த காற்று, அப்புறம் மழை. மேலே கட்டிய துணியில் வழியும் முதல் தண்ணீர் உப்புக் கரிக்கும், அதை விட்டுவிட்டு மிச்சத்தைத் தொட்டியில் பிடிப்போம். அந்த மழையில் நின்றால் ஐந்தருவிதான்.

ரசனை என்று மட்டும் பேசிவிடக் கூடாது. "கார்த்திகைக்குப் பின் மழையில்லை" என்பார்கள். 2023 டிசம்பரில், மார்கழி பிறந்த கையோடு, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. தாமிரபரணி ஊருக்குள் வந்தது. நாங்கள் அங்கே வெயிலில் உட்கார்ந்து ஃபோன் கிடைக்காமல் தவித்தோம். அந்த வருஷம் மோர்மிளகாய் போடவில்லை.

நட்சத்திரங்களைப் பற்றிச் சொல்லத்தான் தாளெல்லாம் எழுதி வந்தேன். கண்ணாடிக்கு அந்தப்புறம் கை காட்டுகிறார்கள். சரி, சுருக்கமாக: தை மாத முன்னிரவில் உச்சியில் மிருகசீரிடம், ஆடியில் தெற்கே விருச்சிகம். வைகாசியில் ராத்திரி ஒன்பது மணிக்கு மொட்டைமாடியில் தெற்கே பாருங்கள், தாழ்வாகத் தென்சிலுவை தெரியும். எகிப்திலிருந்து ஆடிக் காற்றைப் பிடித்து வந்த யவனக் கப்பல்களைத் தொடக்கூட நேரமில்லை. வாய்ப்புக்கு நன்றி, வணக்கம்.