ரீஸ்டார்ட் கொடுப்பதற்கு முன்னால் க்ளோஸ்-வெயிட்டைப் பாருங்கள்

வணக்கம் நண்பர்களே. வாரக்கணக்கில் ஒழுங்காக ஓடிய சர்வர் திடீரென்று யாருக்கும் பதில் சொல்லாது. பிங் போகும். டெல்நெட் போட்டால் போர்ட்கூடத் திறந்திருக்கும். ஆனால் பிரௌசரில் பேஜ் மட்டும் வரவே வராது. உடனே நெட்வொர்க் டீமைக் கூப்பிடுவோம், இல்லையென்றால் சர்வீஸை ரீஸ்டார்ட் செய்வோம். ரீஸ்டார்ட் செய்ததும் சரியாகிவிடும், கூடவே தடயமும் அழிந்துவிடும். அதனால்தான் கேட்கிறேன், ரெண்டு நிமிஷம் பொறுங்கள். அந்தத் தடயம்தான் க்ளோஸ்-வெயிட், நம் பக்கம் மூடாமல் தொங்கும் கனெக்‌ஷன்.

திரையில் தெரிவது லினக்ஸ் மெஷின். கனெக்‌ஷன்களைப் பட்டியலிடும் எஸ்எஸ் (ss) கமாண்ட் அடித்து, எந்த நிலையில் எத்தனை டிசிபி கனெக்‌ஷன் இருக்கிறது என்று எண்ணுகிறேன். டைம்-வெயிட், அதாவது மூடி முடித்தபின் சற்று நேரம் காத்திருக்கும் நிலை, நிறைய இருந்தால் பெரும்பாலும் கவலை இல்லை, லினக்ஸில் அது 60 விநாடியில் தானே கலைந்துவிடும். க்ளோஸ்-வெயிட் குவிந்திருந்தால்தான் விஷயம். எதிர்முனை முடித்துக்கொண்டு கிளம்பிவிட்டது, இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்கும் அது தெரியும், நம் புரோகிராம் மட்டும் இன்னும் சாக்கெட்டை, அதாவது கனெக்‌ஷனின் நம் முனையை, மூடவில்லை. இதற்குக் காலக்கெடுவே கிடையாது. புரோகிராம் மூடும் வரைக்கும், அல்லது பிராசஸ் சாகும் வரைக்கும், அப்படியே கிடக்கும். இந்த எண் ஏறிக்கொண்டே போனால் ஃபயர்வாலைத் தோண்டாதீர்கள், புரோகிராமின் கோடைத் (code) திறந்து பாருங்கள்.

ஒவ்வொரு சாக்கெட்டும் ஒரு ஃபைல் டிஸ்கிரிப்டரை, அதாவது திறந்திருக்கும் ஃபைலுக்கோ சாக்கெட்டுக்கோ கெர்னல் தரும் எண்ணை, பிடித்துக்கொள்ளும். லினக்ஸில் ஒரு பிராசஸுக்கு வழக்கமான சாஃப்ட் லிமிட் (உயர்த்திக்கொள்ளக்கூடிய வரம்பு) 1024. அது தீர்ந்ததும் லாகில் ‘டூ மெனி ஓபன் ஃபைல்ஸ்’ என்று வர ஆரம்பிக்கும். சரி, அப்படியானால் போர்ட் ஏன் திறந்திருக்கிறது? கனெக்‌ஷனைத் தொடங்கும் ஹேண்ட்ஷேக்கை முடித்துவைப்பது கெர்னல். புரோகிராம் அக்செப்ட் செய்யாவிட்டாலும் வந்தவர்களை அது வரிசையில் நிறுத்திவைக்கும். இதோ, எஸ்எஸ் காட்டும் லிசன் வரியில் ரிசீவ்-க்யூ 129, பக்கத்தில் சென்ட்-க்யூ 128. வரிசையில் நிற்பவர்கள் முதல் எண், அதன் கொள்ளளவு இரண்டாவது. நிரம்பி வழிகிறது.

அடுத்து மறுமுனை முகவரி. எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான், பாதித் துப்பு இங்கேயே கிடைத்துவிடும். எல்லாம் போர்ட் 5432-ஐப் பார்த்து நின்றால், டேட்டாபேஸ் பக்கம் போஸ்ட்கிரெஸ் மூடிவிட்ட கனெக்‌ஷனை நம் பூல் (திரும்பப் பயன்படுத்தச் சேர்த்துவைக்கும் தொகுப்பு) விடாமல் வைத்திருக்கிறது. எச்டிடிபிஎஸ் போர்ட்டான 443 என்றால், ஏதோ ஒரு ஏபிஐயைக் கூப்பிட்டுவிட்டு ரெஸ்பான்ஸை மூடாமல் விட்டிருக்கிறோம். மாறாக, நம் பக்கத்துப் போர்ட் 8080 என்று இருந்தால், கேட்க வந்தவர் போய்விட்டார், நம் த்ரெட் வேறு எங்கோ மாட்டிக்கொண்டு நிற்கிறது.

கோடில் முதலில் எரர் வரும் வழியைப் படியுங்கள். வேலை நல்லபடியாக முடிந்தால் க்ளோஸ் நடக்கும்; எக்ஸெப்ஷன் வந்தால் அந்த வரிக்கே போகாது. பைத்தானில் வித், கோ மொழியில் டிஃபர், ஜாவாவில் ட்ரை-வித்-ரிசோர்சஸ் இருப்பதே இதற்காகத்தான். லிமிட்டை 65535 ஆக்கலாம், மூச்சுவிட நேரம் கிடைக்கும், ஆனால் கசிவு நிற்காது.

அப்புறம், க்ளோஸ்-வெயிட் எண்ணிக்கையை நிமிடத்துக்கு ஒருமுறை பதிவு செய்து கிராஃபில் போடுங்கள். கிராஃபின் கோடு எந்த டிப்ளாய்மென்ட்டுக்குப் (புது வெர்ஷனை ஏற்றியதற்குப்) பிறகு ஏற ஆரம்பித்தது என்று பார்த்தால், தேட வேண்டிய கமிட்டுகள் (பதிவான கோட் மாற்றங்கள்) விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுக்குச் சுருங்கிவிடும்.