எல்லா இருக்கைகளுக்கும் ஒரே தாழ்வொலி

நேயர்களுக்கு வணக்கம். வீட்டில் இசை கேட்பதற்கென ஓர் அறையை ஒதுக்கி, அதில் சப்வூஃபர்களை, அதாவது மிகத் தாழ்ந்த ஒலிகளை மட்டும் எழுப்பும் ஒலிபெருக்கிகளை, இரண்டு, மூன்று அல்லது நான்காக வைப்பவர்கள் அவற்றை எவ்வாறு சமன்படுத்த வேண்டும் என்பது குறித்துப் பேச என்னை அழைத்திருக்கிறார்கள். இந்த வேலையில் இறங்கும் பெரும்பாலோர் முதலில் கை வைப்பது, ஒவ்வோர் அதிர்வெண்ணின் ஒலியளவையும் கூட்டவோ குறைக்கவோ உதவும் ஈக்வலைசரில்தான். என் அனுபவத்தில் அது கடைசியாகத் தொட வேண்டிய கருவி. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதை விளக்கவே இந்த நேரத்தைப் பயன்படுத்திக்கொள்கிறேன்.

கையடக்க வானொலிப் பெட்டியால் 40 ஹெர்ட்ஸ் ஒலியை எழுப்ப இயலாது. ஆகவே நான் சொல்லப்போவதை ஒலித்துக் காட்டாமல் சொற்களால்தான் காட்ட வேண்டியிருக்கிறது. 4 மீட்டர் அகலமுள்ள ஓர் அறையின் மூலையில் ஒரே ஒரு சப்வூஃபர் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒலி வினாடிக்குச் சுமார் 344 மீட்டர் செல்வதால், 43 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 8 மீட்டர். அதில் சரிபாதி 4 மீட்டர் என்பதால், அந்த அலை இரண்டு பக்கச் சுவர்களுக்கும் இடையே கச்சிதமாகப் பொருந்தி நிலை அலையாக நின்றுவிடுகிறது. சுவரோரங்களில் அழுத்தம் உச்சத்தில் இருக்கும். நட்டநடுவில் கணு விழுந்து, அந்த ஒலி ஏறக்குறைய மறைந்துவிடும். பேஸ் கித்தாரின் மிகத் தடித்த கம்பியை விரல் வைக்காமல் மீட்டினால் 41 ஹெர்ட்ஸ். அதற்கு அடுத்த அரைச்சுரம் 43.7 ஹெர்ட்ஸ். கலைஞர் எவ்வளவு சீராக மீட்டினாலும், சுவரோரம் அமர்ந்தவருக்கு அந்தச் சுரங்கள் மட்டும் முழங்கி நீளும். அறையின் நடுவில் அமர்ந்தவருக்கு அவை பள்ளத்தில் விழுந்ததுபோல் காணாமற்போகும். அறையின் நீளம் 5 மீட்டர் என்றால் 34 ஹெர்ட்ஸிலும், உயரம் 3 மீட்டர் என்றால் 57 ஹெர்ட்ஸிலும் இதே கதை நடக்கும். ஜெர்மானிய இயற்பியலாளர் மான்ஃப்ரெட் ஷ்ரோடர் தந்த சூத்திரத்தின்படி கணக்கிட்டால், இத்தகைய அறையில் ஒலி அடங்கும் நேரம் 0.4 வினாடியாக இருக்கும்போது, சுமார் 160 ஹெர்ட்ஸுக்குக் கீழே அறையின் ஆட்சிதான் நடக்கிறது. சப்வூஃபரின் முழு எல்லையும் அதற்குள் அடங்கிவிடுகிறது.

இப்போது ஈக்வலைசரைக் கையில் எடுத்தால் என்ன ஆகும்? அது அறைக்குள் அனுப்பும் சமிக்ஞையை மாற்றுகிறது. எந்த இருக்கைக்கு எவ்வளவு போய்ச் சேர வேண்டும் என்பதை அதனால் தீர்மானிக்க முடியாது. சுவரோர இருக்கைக்காக 43 ஹெர்ட்ஸைக் குறைத்தால், நடு இருக்கையில் ஏற்கெனவே மெலிந்திருந்த ஒலி இன்னும் மெலியும். நடு இருக்கைக்காகக் கூட்டினால், சுவரோரம் இருப்பவரால் அங்கே அமரவே முடியாது. அதோடு, 10 டெசிபல் கூட்டுவதற்குப் பெருக்கி 10 மடங்கு திறனைத் தர வேண்டும். அந்தத் திறன் முழுவதும் கணுவில் செலவாகி, பள்ளம் பள்ளமாகவே கிடக்கும். ஓர் அறையில் மூன்று பேர் அமர்ந்து மூன்று வெவ்வேறு தாழ்வொலிகளைக் கேட்கிறார்கள் என்றால், அந்த வேற்றுமையைக் குறைக்கும் வேலை வேறொன்றிடம் இருக்கிறது. அதுதான் ஒன்றுக்கு மேற்பட்ட சப்வூஃபர்களைத் தகுந்த இடம் பார்த்து வைப்பது.

தண்ணீர்த் தொட்டியின் ஒரு முனையில் பலகையால் தள்ளினால் நீர் முனைக்கு முனை அலைபாயும். இரண்டு முனைகளிலும் ஒரே நேரத்தில், ஒரே அளவில் தள்ளினால், அந்த முனைக்கு முனை ஆட்டம் எழுவதில்லை. எதிரெதிர்ச் சுவர்களில் இரண்டு சப்வூஃபர்களை வைத்து ஒரே சமிக்ஞையைக் கொடுக்கும்போதும் இதுவே நிகழ்கிறது: அந்தத் திசையின் முதல் நிலை அலையை ஒன்று எழுப்ப முயல, மற்றொன்று அதை அதே அளவில் அடக்கிவிடுகிறது. ஹார்மன் நிறுவனத்தின் டாட் வெல்டி, ஆடியோ இன்ஜினியரிங் சொசைட்டியில் 2002ஆம் ஆண்டு முன்வைத்த ஆய்வில், செவ்வக அறைகளில் பற்பல அமைப்புகளை ஒப்பிட்டார். எதிரெதிர்ச் சுவர்களின் நடுப்புள்ளிகளில் இரண்டு, அல்லது நான்கு சுவர்களின் நடுப்புள்ளிகளிலும் நான்கு என்ற அமைப்புகள் இருக்கைக்கு இருக்கை உள்ள வேறுபாட்டை நன்கு குறைத்தன. நான்குக்கு மேல் சேர்ப்பதால் கூடுதல் பயன் அதிகமில்லை என்பதும் அந்த ஆய்வின் முடிவு. உங்கள் அறை சீரான செவ்வகமாக இல்லையென்றால், ஒரு பக்கம் திறந்து கூடத்தோடு சேர்ந்திருந்தால், இந்தச் சமச்சீர் இடங்கள் அதே பலனைத் தரும் என்று நம்பக் கூடாது. அங்கே இடம் மாற்றி மாற்றி அளந்து பார்ப்பதே வழி.

இனி, நான் செய்த ஒரு பிழையைச் சொல்ல வேண்டும். நன்றாக உழைப்பவர்களே இதில் சிக்கிக்கொள்கிறார்கள் என்பதால் இது முக்கியம். முதன்முதலில் இரண்டு சப்வூஃபர்களை அமைத்தபோது, ஒன்றை அணைத்துவிட்டு மற்றொன்றை அளந்து, எந்த அதிர்வெண் எவ்வளவு உரக்க ஒலிக்கிறது என்று காட்டும் அதன் வரைகோடு தட்டையாகும்வரை ஈக்வலைசரால் செதுக்கினேன். பிறகு இரண்டாவதையும் அவ்வாறே செய்தேன். தட்டையான இரண்டைச் சேர்த்தால் தட்டையான ஒன்று கிடைக்கும் என்பது என் எண்ணம். இரண்டையும் ஒருசேர இயக்கியபோது 50 ஹெர்ட்ஸை ஒட்டி ஒரு பெரும் பள்ளம் விழுந்தது. வரைகோட்டில் நான் பார்த்தது ஒலியின் அளவை மட்டுமே, கட்டத்தை, அதாவது அலையின் ஏற்றமும் இறக்கமும் எந்தக் கணத்தில் வருகின்றன என்பதை, பார்க்கவில்லை. ஒரே அளவுள்ள இரண்டு ஒலிகள் ஒரே கட்டத்தில் வந்து சேர்ந்தால் 6 டெசிபல் கூடும். 90 பாகை விலகியிருந்தால் 3 டெசிபல்தான் கூடும். 120 பாகை விலகினால் எதுவும் கூடாது. 180 பாகை விலகினால் ஒன்றை ஒன்று அழித்துவிடும். ஆகவே ஈக்வலைசரில் தனித்தனியாகச் செதுக்கிய ஒவ்வொரு வடிகட்டியும், அளவைத் திருத்தும் சாக்கில் கட்டத்தையும் திருப்பி, கூட்டொலியை நான் அறியாமலேயே கெடுத்திருந்தது. அன்றிலிருந்து, நம் காதுக்கு வந்து சேர்வது கூட்டொலி மட்டுமே, திருத்த வேண்டியதும் அதையே என்பதை நான் மறந்ததில்லை.

சரியான வரிசை இவ்வாறு அமையும். முதலில் சப்வூஃபர்களை இயன்றவரை நல்ல இடங்களில் வைத்துவிட்டு, அளவீட்டுக்கென உள்ள மைக்கை ஒவ்வொரு இருக்கையிலும் காது உயரத்தில் நிறுத்தி, ஒவ்வொரு சப்வூஃபரையும் தனித்தனியே அளக்க வேண்டும். மூன்று சப்வூஃபர்கள், நான்கு இருக்கைகள் என்றால் 12 அளவீடுகள். ரூம் ஈக்யூ விசார்ட் என்ற இலவச மென்பொருள் இதற்குப் போதும். ஆனால் எல்லா அளவீடுகளும் ஒரே நேரக் குறிப்பை, அதாவது ஒலி வந்துசேரும் நேரத்தை எண்ணத் தொடங்கும் பொதுப் புள்ளியை, கொண்டிருக்க வேண்டும். முன்பக்க ஒலிபெருக்கிகளுள் ஒன்றை அந்தக் குறிப்புக்காக நிலையாக வைத்துக்கொள்ளலாம். நேரக் குறிப்பு இல்லாத அளவீடுகளைக் கொண்டு, இரண்டு ஒலிகள் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதைக் கணக்கிட இயலாது. நானறிந்த பலர் இந்த ஒரு படியை விட்டுவிட்டு வாரக்கணக்கில் தடுமாறியிருக்கிறார்கள்.

அடுத்தது ஒவ்வொரு சப்வூஃபரின் ஒலியளவும், அதன் ஒலியை எவ்வளவு நேரம் தள்ளி அனுப்புவது என்ற தாமதமும். ஒரே மாதிரியைச் சேர்ந்த சப்வூஃபர்கள் என்றால், அவற்றின் ஒலியளவுக் குமிழ்களை ஒரே நிலையில் வைத்துவிடுவது நல்லது; அப்போதுதான் உரத்த பகுதியில் ஒன்று மூச்சுத் திணறும்போது மற்றவை சும்மா இருக்கும் நிலை வராது. தாமதத்தைப் பொறுத்தவரை, 1 மீட்டர் தூர வேறுபாடு ஏறக்குறைய 2.9 மில்லிவினாடி. ஆயினும் தூரத்தை நாடாவால் அளந்து எல்லா ஒலிகளையும் ஒரே கணத்தில் முதன்மை இருக்கைக்குக் கொண்டுவருவது தொடக்கப்புள்ளிதான். சில வேளைகளில் பின்சுவர்ச் சப்வூஃபரைச் சில மில்லிவினாடி கூடுதலாகத் தாமதித்தால் நான்கு இருக்கைகளும் ஒன்றோடொன்று நெருங்கிவரும். இத்தனை சேர்க்கைகளைக் கையால் முயன்று பார்ப்பது அலுப்பூட்டும் வேலை. மல்ட்டி சப் ஆப்டிமைசர் என்ற இலவச மென்பொருள், அந்த 12 அளவீடுகளை எடுத்துக்கொண்டு, எந்த அளவும் தாமதமும் இருக்கைகளுக்கிடையே வேறுபாட்டைக் குறைக்கும் என்று தேடித் தருகிறது. சப்வூஃபர்களுள் மூடிய பெட்டியும் துளையுள்ள பெட்டியும் கலந்திருந்தால் இந்தப் படியில் கூடுதல் கவனம் தேவை. துளையுள்ள பெட்டி, தன் துளை இசைந்து அதிரும் அதிர்வெண்ணுக்குக் கீழே வேறு விதமாகச் சரிந்து, கட்டத்திலும் விலகிச் செல்லும் என்பதால், மிகத் தாழ்ந்த ஒலிகளில் இரண்டும் ஒத்துப்போவதில்லை.

இவ்வளவும் முடிந்து, இருக்கைகளின் வரைகோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஓரளவு படியத் தொடங்கிய பிறகே ஈக்வலைசர். எல்லாச் சப்வூஃபர்களையும் ஒரே சப்வூஃபர்போலக் கருதி, அவற்றுக்குப் பொதுவான சமிக்ஞைப் பாதையில் அதை இட வேண்டும். எல்லா இருக்கைகளிலும் ஒரே இடத்தில் தெரியும் மேடுகளை மட்டும் குறையுங்கள். வடிகட்டியின் மைய அதிர்வெண்ணும் அகலமும் மேட்டின் வடிவத்தோடு பொருந்தினால், ஒலியளவு குறைவதோடு, தள்ளுவதை நிறுத்திய பிறகும் ஆடும் ஊஞ்சலைப்போல அந்தச் சுரம் நீண்டுகொண்டிருப்பதும் குறையும். தாழ் அதிர்வெண்களில் ஈக்வலைசரால் கிடைக்கும் மிகப் பெரிய நன்மை இதுவே என்பேன். குறுகிய, ஆழமான பள்ளங்களை நிரப்ப முயல வேண்டாம். அகன்ற, ஆழமற்ற சரிவு எல்லா இருக்கைகளிலும் இருந்தால் 2 அல்லது 3 டெசிபல் கூட்டலாம். அதற்குமேல் கூட்டத் தோன்றினால், ஏதோ ஒரு சப்வூஃபரின் இடத்தை மாற்ற வேண்டும் என்று பொருள். வரைகோட்டை அழகாகக் காட்டும் மென்மையாக்கலை இந்த வேலையின்போது அணைத்துவிடுங்கள். அது உண்மையான மேடுகளை மறைத்துவிடும்.

கடைசியாக, ஒன்றாகிவிட்ட இந்தத் தாழ்வொலியை முன்பக்க ஒலிபெருக்கிகளோடு இணைக்க வேண்டும். சப்வூஃபர்களுக்கும் முன்பக்க ஒலிபெருக்கிகளுக்கும் ஒலியைப் பங்கிடும் பிரிப்பு அதிர்வெண் 80 ஹெர்ட்ஸ் என்றால், அதை ஒட்டி இரண்டும் கட்டம் பொருந்திச் சேரும்வரை சப்வூஃபர்கள் அனைத்தின் தாமதத்தையும் ஒன்றாக நகர்த்துங்கள். அவற்றுக்குள் ஏற்கெனவே அமைத்த வேறுபாடுகளைத் தொடாதீர்கள். ஒலிபெருக்கிகளை இயக்கும் ரிசீவர் தானாக அளந்து சொல்லும் தூரம், நாடாவின் தூரத்தைவிட ஒரு மீட்டரோ இரண்டு மீட்டரோ அதிகமாக இருந்தால் திகைக்க வேண்டியதில்லை. சப்வூஃபருக்குள் இருக்கும் வடிகட்டிகள் உண்டாக்கும் தாமதத்தையும் அது தூரமாகவே கணக்கிடுகிறது. பின்பு அறைக்கதவை வழக்கமாகக் கேட்கும்போது இருப்பதுபோலவே திறந்தோ மூடியோ வைத்துக்கொண்டு, ஒருமுறை எல்லா இருக்கைகளிலும் மீண்டும் அளந்துவிடுங்கள். நன்றி, வணக்கம்.