21 யானையைத் தாங்கின பாலம் என்னைத் தாங்காதா?

நடுவர் அய்யா அவர்களே, எதிரணி நண்பர்களே, முன்வரிசைப் பேராசிரியர்களே, எடம் கிடைக்காம பின்னாடி நிக்கற பிள்ளைகளே, எல்லாருக்கும் வணக்கம். வணக்கம் அவ்ளோதான், எட்டு நிமிஷம்தான் குடுத்திருக்காங்க.

தலைப்பு என்னன்னா, "தொழில் யுகத்து அமெரிக்க நகரங்கள் மனுஷங்களைச் சேர்த்து வச்சுதா, பிரிச்சு வச்சுதா?" வரலாற்றுத் துறை குடுத்த தலைப்பு, நான் ஒண்ணும் குறை சொல்ல மாட்டேன், ராத்திரி சாப்பாடு அவங்கதான் போடறாங்க. நான் சேர்த்து வச்சுதுங்கற அணி. 1840ல நாலாயிரத்துச் சொச்சம் பேர் இருந்த சிகாகோ 1890ல பத்து லட்சத்தைத் தாண்டின கதையை ரெண்டு பக்கம் எழுதி எடுத்துட்டு வந்தேன். அதை அப்படியே மடிச்சு பாக்கெட்ல வச்சுட்டேன். ஏன்னா எனக்கு முன்னாடி பேசின தம்பி என்ன சொன்னாரு? "புரூக்ளின் பாலம் நியூயார்க்கையும் புரூக்ளினையும் சேர்த்துச்சுன்னு இவங்க அணித்தலைவர் சொல்றாரு. பாலம் தொறந்து ஆறே நாள்ல நெரிசல்ல 12 பேர் செத்தாங்க, இதான் சேர்ந்த லட்சணம். அண்ணன் அன்னைக்கு ஏறியிருந்தா நெரிசலே வேண்டாம், பாலமே எறங்கியிருக்கும்"னாரு. நீங்களும் கைதட்டினீங்க, பாத்துட்டுதான் இருந்தேன். என் பாயிண்ட்டை விட்டுட்டு என் வயித்தைப் பிடிச்சுக்கிட்டாரு.

தம்பி, பாதிக் கதை படிச்சிருக்கீங்க. மீதியை நான் சொல்றேன்.

1883 மே 24 பாலம் தொறக்கறாங்க. அப்ப புரூக்ளின் தனி ஊரு, நியூயார்க் தனி ஊரு, நடுவுல ஆறு. மே 30 லீவு நாள், ஜனம் பூரா பாலத்துமேல. படிக்கட்டுல ஒரு பொம்பளை தடுக்கி விழறாங்க, யாரோ வீல்னு கத்தறாங்க, பாலம் இடியுதுன்னு வதந்தி கிளம்புது, முட்டி மோதி 12 பேர் போயிட்டாங்க. தம்பி சொன்னது உண்மை, மறுக்கல. ஜனத்துக்கு உள்ளூர ஒரு பயம் ஒட்டிக்கிச்சு.

மறு வருஷம், 1884 மே 17. சர்க்கஸ் முதலாளி பார்னம், விளம்பரத்துக்குன்னே பொறந்த ஆளு, தன்னோட யானைங்களைப் பாலத்துல நடக்க விடறேன்னு வந்து நிக்கறாரு. ஒரு யானை இல்லய்யா. ரெண்டு இல்ல. 21 யானை! நம்மூர்ல கோயில் யானை ஒண்ணு தெருவுல வந்தாலே ஸ்கூல் பிள்ளைங்க பாதி கிளாஸ்ல இருக்காது. அங்க 21 யானை, வரிசையா, பாலத்துமேல! அதோட விட்டாரா, கூட 17 ஒட்டகம்! ஏன்யா ஒட்டகம்? யானை வெயிட்டை செக் பண்ண, சரி. ஒட்டகம் எதுக்கு? தண்ணிக்கு மேலதான் போறோம்னு அதுக்குக் காட்டறதுக்கா? கடைசியில ஜம்போ வருது, உலகத்துலயே பெரிய யானைன்னு லண்டன் மிருகக்காட்சி சாலையிலேருந்து வாங்கிட்டு வந்தது, ஆறு டன். தம்பி கவனிங்க, ஆறு டன். நான் 98 கிலோ. சரி, மேடையில பொய் சொல்லக் கூடாது, 104.

எறங்குச்சா பாலம்? இன்னைக்கும் நிக்குது தம்பி! 21 யானையும் 17 ஒட்டகமும் போயும் எறங்காத பாலம், 104 கிலோவுக்கா எறங்கப் போகுது?

(மணி ஒண்ணு அடிச்சாச்சா? இருங்கய்யா, ஒட்டகத்துக்கே ஒரு நிமிஷம் போயிடுச்சு.)

அந்தப் பாலத்தைக் கட்டினது யாரு? டிசைன் போட்ட ஜான் ரோப்ளிங் ஜெர்மனியிலேருந்து வந்தவரு. எடம் பாக்கப் போனப்ப படகு காலை நசுக்கி, ஜன்னி கண்டு 1869லயே போயிட்டாரு. மகன் வாஷிங்டன், ஆத்தடியில அழுத்தக் காத்து அடைச்ச பெட்டிக்குள்ள வேலை பாத்து உடம்பு முடங்கிப் படுத்துட்டாரு. அவர் சம்சாரம் எமிலிதான் வருஷக்கணக்கா கணக்கும் கட்டளையும் எடுத்துட்டு சைட்டுக்கும் வீட்டுக்கும் நடந்தாங்க. தொறக்கறதுக்கு முன்னாடி வண்டியில முதல் ஆளா பாலத்தைக் கடந்ததும் அவங்கதான், வெற்றிக்கு அடையாளமா கையில ஒரு சேவலோட. கீழ மண்ணு தோண்டினது அயர்லாந்துக்காரன், ஜெர்மன்காரன், இத்தாலிக்காரன். ஒருத்தன் பேசறது இன்னொருத்தனுக்குப் புரியாது, ஆனா ஒரே குழியில நின்னான்.

டெனமென்ட் வீடுகளை, அதாவது ஏழைத் தொழிலாளிங்க நெருக்கியடிச்சு இருந்த வாடகை மாடி வீடுகளைப் பத்தி எதிரணி அம்மா உருக்கமா பேசினாங்க. ஜன்னல் இல்லாத ரூம், மாடிக்கு ஒரு கக்கூஸ், எல்லாம் சரி. ஆனா 1890ல அதைப் போட்டோ பிடிச்சு புத்தகமா போட்டு ஊரைக் கூட்டினது யாரு? ஜேக்கப் ரீஸ், டென்மார்க்லேருந்து கப்பல்ல வந்து, படுக்க எடமில்லாம போலீஸ் ஸ்டேஷன்ல தூங்கின ஆளு. அப்புறம் 1901ல சட்டம் வந்துச்சு, ரூமுக்கு வெளிச்சம் காத்து வேணும், வீட்டுக்கு ஒரு கக்கூஸ் வேணும்னு. உங்க சாட்சி எங்க சாட்சிங்கம்மா.

கடைசியா ஒண்ணு, சிரிக்கற விஷயம் இல்ல. 1909 நவம்பர், நியூயார்க் கூப்பர் யூனியன் மண்டபம். தையல் தொழிலாளிக் கூட்டம், தலைவருங்க மாத்தி மாத்தி ரெண்டு மணி நேரம் பேசறாங்க, நம்மளை மாதிரியே. கிளாரா லெம்லிக்னு ஒரு பொண்ணு, 23 வயசு, மேடை ஏறி யூதங்க பேசற யிட்டிஷ் மொழியில சொல்லுது, பேச்சு போதும், வேலையை நிறுத்துவோம்னு. இருபதாயிரம் பேர் நிறுத்தினாங்க. ஆனா யூனியனை ஏத்துக்காத சில கம்பெனியில ட்ரையாங்கிள்ங்கற தையல் கம்பெனியும் ஒண்ணு.

1911 மார்ச் 25, சனிக்கிழமை, வேலை முடியற நேரம். அந்தக் கம்பெனி எட்டாவது மாடியில தீ. ஒன்பதாவது மாடியில ஒரு கதவு பூட்டியிருக்கு. தீயணைப்பு ஏணி ஆறாவது மாடி வரைக்கும்தான் எட்டுது. ஜோசப் ஜிட்டோன்னு இத்தாலிக்கார லிப்ட்காரர், மேலேருந்து குதிச்சவங்க உடம்பு விழுந்து லிப்ட் நிக்கற வரைக்கும் திரும்பத் திரும்ப மேல போனாரு. கூண்டு கொள்ளாம ஏத்திட்டு வந்தாரு. நீ யூதப் பொண்ணா, இத்தாலிப் பொண்ணான்னு அவர் கேட்டுட்டா ஏத்தினாரு? 146 பேர் செத்தாங்க, பாதிக்கு மேல இந்த ஹால்ல நிக்கற பிள்ளைங்க வயசு. ஆறு பேர் யாருன்னே அப்ப தெரியல.

அய்யா, ஏப்ரல் 5, மழை. லட்சக்கணக்குல ஜனம் ரோட்டுல. அடையாளம் தெரியாதவங்க உடம்பைக்கூட நகர நிர்வாகம் யூனியன்கிட்ட குடுக்கல, காலி வண்டியை வெள்ளைக் குதிரை இழுத்துட்டுப் போகுது, பின்னாடி தையல்காரப் பொண்ணுங்க குடையில்லாம நடக்குதுங்க. செத்தவங்கள்ல சில பேருக்குச் சொந்தம் கடலுக்கு அந்தப் பக்கம் எங்கயோ ஒரு கிராமத்துல இருக்கு, சேதி கூடப் போயிருக்காது. அந்தத் தாய் தகப்பன் நிக்க வேண்டிய எடத்துல யாரு நின்னா? பேரு தெரியாத ஊர் ஜனம் நின்னுச்சு! மொதலாளிங்களை கோர்ட் விடுதலை பண்ணிடுச்சு, தெரியும், எதிரணி அதைத்தான் எந்திரிச்சுக் கேக்கப் போறாங்க. கேளுங்க. என்கிட்ட பதில் இல்ல. அன்னைக்கு மழையில நடந்தவங்கள்ல எத்தனை பேர் அந்தப் பொண்ணுங்க முகத்தைப் பாத்திருப்பாங்கன்னு நீங்களும் சொல்லுங்க.

ரெண்டாவது மணி அடிச்சாச்சு. தீர்ப்பு உங்க கையில நடுவரய்யா. நன்றி, வணக்கம்.