டிவி போர்டு போயிடுச்சா? சரி பண்றதா, மாத்துறதா?

[திரையில்: பின்மூடி கழட்டின 32 இஞ்ச் எல்இடி டிவி. மூணு போர்டுக்கும் மூணு நிறத்துல கட்டம்.]

"போர்டு போயிடுச்சு, மாத்தணும்"னு கடையில சொன்னா, உடனே ஒரு கேள்வி கேளுங்க: எந்த போர்டு?

கரன்ட் ஒயர் வந்து சேர்றது பவர் சப்ளை போர்டு. எச்டிஎம்ஐ, யுஎஸ்பி சாக்கெட் இருக்கிறது மெயின் போர்டு, மதர்போர்டுன்னும் சொல்லுவாங்க. பேனல், அதாவது படம் தெரியிற திரை, அதோட ஓரமா, தட்டை ரிப்பன் கேபிள் கிளம்புற சின்ன போர்டு டிகான், படத்தைப் பேனலுக்குப் பிரிச்சு அனுப்புறது. சின்ன டிவிகள்ல பவர் சப்ளையும் மெயினும் சேர்ந்து ஒரே காம்போ போர்டா இருக்கலாம்.

பவர் சப்ளைன்னா முதல்ல சரி பண்ணப் பாருங்க. டிகான்னா மாத்திடுறது நல்லது. மெயின் போர்டுன்னா சோதிச்சுட்டுத்தான் முடிவு. பேனலே போயிருந்தா எந்த போர்டுக்கும் காசு போடாதீங்க.

வாரண்டி இருந்தா ஸ்க்ரூவைத் தொடவே தொடாதீங்க. மூடியைக் கழட்டினா, பிளக்கைப் பிடுங்கின பிறகும் பெரிய ஃபில்டர் கெபாசிட்டர்ல 300 வோல்ட்டுக்கு மேல நிக்கலாம். பிஎஃப்சிங்கிற, கரன்ட்டைச் சீரா இழுக்க வைக்கிற சர்க்யூட் இருக்கிற பெரிய டிவில 400 கிட்ட. ஹோல்டர்ல மாட்டின 60 வாட் குண்டு பல்போட இரண்டு ஒயரையும் கெபாசிட்டர் கால்கள்ல வெச்சு சார்ஜை இறக்குங்க, அப்புறம் மீட்டர் வெச்சு சுழியம்னு பாருங்க. ஸ்க்ரூடிரைவரால ஷார்ட் பண்ணாதீங்க, போர்டுல இருக்கிற டிராக்கே, அதாவது செம்புக் கோடே பிய்ஞ்சு வரும். மீட்டர் பிடிச்சுப் பழக்கம் இல்லைன்னா இதுக்கு மேல மெக்கானிக் கையில விடுங்க. ஆனா அவர் என்ன செய்யணும்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும்.

[திரையில்: இருட்டு அறை. டிவி ஸ்கிரீன் மேல டார்ச் வெளிச்சம் சாய்வா விழுது.]

சத்தம் வருது, படம் இல்லையா? அறையை இருட்டாக்கி, டார்ச்சைச் சாய்வாப் பிடிச்சு ஸ்கிரீனைப் பாருங்க. மங்கலா படம் ஓடினா மெயின் போர்டு, டிகான், பேனல் மூணும் வேலை செய்யுது, பின்னாலிருந்து வெளிச்சம் தர்ற பேக்லைட்தான் எரியல. உள்ள எல்இடி எல்லாம் சீரீஸ்ல இருக்கு, ஒண்ணு ஓபன் ஆனா மொத்த வரிசையும் அணையும். எல்இடி டெஸ்டர்ல வரிசை எரியலைன்னா குற்றம் எல்இடி பட்டையில, எரிஞ்சா அதுக்குக் கரன்ட் தர்ற, பவர் போர்டுல இருக்கிற டிரைவர்ல. பட்டைன்னா போன ஒரு எல்இடியை மட்டும் மாத்தாதீங்க. மத்ததும் அதே சூட்டுல அதே காலம் ஓடினதுதான், அடுத்தடுத்து போகும். செட்டா மாத்துங்க, அப்புறம் பேக்லைட் அளவை 100-ல வெக்காம 60, 70-க்குக் குறைங்க.

ஸ்டாண்ட்பை லைட்டே எரியலையா? பெரும்பாலும் பவர் சப்ளை. ஃபியூஸைப் பாருங்க. கண்ணாடி தெளிவா இருந்து கம்பி மட்டும் அறுந்திருந்தா சாதாரண ஓவர்லோடா இருக்கலாம். கண்ணாடி கறுத்து, வெள்ளி பூசின மாதிரி இருந்தா உள்ள நேரடி ஷார்ட். அப்ப ஃபியூஸுக்குப் பதிலா கம்பி போடுறதோ, ஆம்பியர் கூட்டிப் போடுறதோ கூடவே கூடாது.

அடுத்து ஃபியூஸ் பக்கத்துல நாணயம் மாதிரி தட்டையா, பெரும்பாலும் நீல நிறத்துல ஒண்ணு நிக்கும். அதுதான் வேரிஸ்டர், எம்ஓவின்னு சொல்லுவாங்க. தெருவுல நியூட்ரல் அறுந்தா வீட்டுக்கு 230-க்குப் பதிலா 400 வோல்ட் வரைக்கும் வரும். அப்ப இது தன்னை ஷார்ட் பண்ணிக்கிட்டு ஃபியூஸை எரிச்சு, பின்னால இருக்கிற எல்லாத்தையும் காப்பாத்தும். வெடிச்சு, கரி அப்பி, பாதி உடைஞ்சு கிடக்கிறதைப் பார்த்துட்டு "போர்டே எரிஞ்சு போச்சு"ன்னு சொல்லிடுவாங்க. நம்பாதீங்க. பல சமயம் இந்த வேரிஸ்டரும் ஃபியூஸும் மட்டுமே மாத்தினா டிவி ஓடும். உடம்புல 14டி471னு எழுதியிருந்தா அதே எண்ணுல வாங்கணும். வேரிஸ்டர் இல்லாமலும் டிவி ஓடும், அதனாலயே சிலர் போடாம விட்டுடுறாங்க. அடுத்த தடவை அடி நேரா உள்ள இறங்கும்.

வேரிஸ்டர் நல்லா இருந்தா ஏசியை டிசியா மாத்துற பிரிட்ஜ் டயோடு, சுவிட்ச் மாதிரி வேலை செய்யுற மாஸ்ஃபெட்டோட டிரெயின்–சோர்ஸ் கால்கள், மாஸ்ஃபெட்டுக்குக் கீழ இருக்கிற சின்ன ஓம் ரெசிஸ்டர், இந்த வரிசையில பாருங்க. மாஸ்ஃபெட் ஷார்ட்னா அந்த ரெசிஸ்டரும் டிரைவர் ஐசியும் சேர்ந்தே போயிருக்கலாம். மாஸ்ஃபெட்டை மட்டும் மாத்திட்டு நேரா கரன்ட் குடுத்தா புதுசும் அந்த நொடியே போகும். அதனால முதல்ல 100 வாட் சீரீஸ் லேம்ப், அதாவது கரன்ட் ஒயர்ல தொடரா மாட்டின குண்டு பல்பு வழியா குடுங்க. பல்பு பளிச்னு எரிஞ்சு நின்னா ஷார்ட் இன்னும் இருக்கு, மின்னிட்டு மங்கினா சரி. கரன்ட் ஒயர் வந்து சேர்ற இந்தப் பக்கம் வோல்டேஜ் பார்க்கும்போது கறுப்பு புரோப் பெரிய கெபாசிட்டரோட மைனஸ்ல இருக்கணும். டிவியோட இரும்பு சட்டத்துல வெச்சா அளவு தப்பாக் காட்டும்.

லைட் எரிஞ்சும் ஆன் ஆகாம, இல்ல ஆன் ஆகி ஆகி அணைஞ்சா, 12 வோல்ட் லைன்ல தலை உப்பின கெபாசிட்டரைத் தேடுங்க. மைக்ரோஃபாரட் அதே அளவு, வோல்ட் அதே அல்லது கூட, 105 டிகிரி, லோ இஎஸ்ஆர் (உள் தடை கம்மியானது). 16 வோல்ட் இருந்த இடத்துல 25 வோல்ட் போட்டா நல்லது, உயரம் இடிக்குதான்னு மட்டும் பாருங்க.

பவர் போர்டை மாத்தியே ஆகணும்னா அது பெரும்பாலும் இந்த நிலைமைதான்: போர்டு அட்டையே கரியாகியிருக்கிறது. கரி கரன்ட்டைக் கடத்தும். சுரண்டி எடுத்தும் போகலைன்னா பார்ட்ஸ் மாத்தி பயன் இல்ல.

[திரையில்: 12 வோல்ட் பின்ல மீட்டர். மெயின் போர்டு கேபிளைக் கழட்டியும் மாட்டியும் அளவு.]

12 வோல்ட், மெயின் போர்டு கேபிளை மாட்டினா விழுது, கழட்டினா வருதா? அப்ப குற்றம் பெரும்பாலும் மெயின் போர்டுல. 12-லிருந்து 5, 3.3, மெமரிக்கு 1.5 கிட்ட, பிராசசருக்கு 1.1 கிட்டன்னு படிப்படியா இறங்கும். ஒரு ரெகுலேட்டர் போயிருந்தா சின்ன வேலை. பிராசசர் லைன்ல மட்டும் ஓம்ஸ் இயல்பாவே ரொம்பக் கம்மியாக் காட்டும், அதை ஷார்ட்னு நினைச்சு போர்டைத் தூக்கிப் போடாதீங்க.

லோகோவிலேயே நின்னா சாஃப்ட்வேர், இல்ல அது உட்கார்ந்திருக்கிற இஎம்எம்சி மெமரி. அதே மாடலுக்கான ஃபைலை பென்டிரைவ்ல போட்டு முயற்சி பண்ணுங்க. ஏறலைன்னா இஎம்எம்சி புரோகிராமர் வெச்சிருக்கிறவர்கிட்ட போகணும். பிராசசருக்குச் சூடு காட்டி ஓட வெக்கிறேன்னு சொன்னா காசு குடுக்காதீங்க, பெரும்பாலும் கொஞ்ச நாள்ல திரும்ப வந்து நிக்கும். இடி இறங்கி டிஷ் கேபிள் வழியா பிராசசரே போயிருந்தாலும் மாத்துறதுதான் வழி.

பாதிப் படம், நெகட்டிவ் மாதிரி நிறம், வெளுத்த படம்னா டிகான் பக்கம் பாருங்க. டிகானை வாங்குறதுக்கு முன்னாடி, பிளக்கைப் பிடுங்கிட்டு பேனலுக்குப் போற ரிப்பன் ஒண்ணைக் கழட்டி ஆன் பண்ணுங்க. மிச்ச பாதியில படம் சுத்தமா வந்தா, கழட்டின பக்கம் பேனல்லதான் ஷார்ட். ஒரே ஒரு மெல்லிய கோடு மேலிருந்து கீழ வரைக்கும் நிரந்தரமா நின்னாலும் பேனலோட ஒட்டுல பிரச்சினை. பேனல் விலைக்குப் புது டிவி பக்கம் போறதுதான் கணக்கு.

மாத்துறதுன்னு முடிவானா டிவி மாடல் நம்பரை நம்பி வாங்காதீங்க. ஒரே மாடல்ல வேற வேற பேனல் வரும். போர்டு மேல இருக்கிற நம்பர், பேனல் முதுகுல இருக்கிற ஸ்டிக்கர் நம்பர், இரண்டையும் போட்டோ எடுத்துட்டுப் போங்க. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி இடங்கள்ல, பேனல் உடைஞ்ச டிவிலேருந்து கழட்டின ஒரிஜினல் போர்டு கிடைச்சா, பல டிவிக்கும் பொருந்துற மாதிரி விக்கிற யுனிவர்சல் போர்டை விட அதுதான் நல்லது.

யுனிவர்சலே போடுறதுன்னா, பேனல் கேபிளை மாட்டுறதுக்கு முன்னாடி பேனல் வோல்டேஜைத் தேர்ந்தெடுக்கிற ஜம்பரை (பின் மேல மாட்டுற சின்ன மூடி) பாருங்க. 3.3, 5, 12னு மூணு இடம் இருக்கும். 5 வோல்ட் பேனலுக்கு 12 போனா, நல்லா இருந்த பேனல் அந்த ஒரு நொடியில முடிஞ்சுது. கழட்டின பழைய போர்டைக் கடையில விட்டுட்டு வராதீங்க. அந்த பேனலுக்கான செட்டிங் அதோட மெமரியில இருக்கு, பின்னால சாஃப்ட்வேர் எடுக்கத் தேவைப்படும்.