மஞ்சள் வெட்டு முடியும்வரை ரீலை எப்படி வைப்பது?

[காட்சி: சாளைத் திண்ணையில் விரித்த சாக்கு. அதன் மேல் ஒரு ஸ்பின்னிங் ரீல், தூண்டில் நரம்பைச் சுற்றி வைக்கும் கருவி.]

வணக்கமுங்க. தை பிறந்தால் எங்கள் பக்கம் மஞ்சள் வெட்டு, வேகவைப்பு, காயவைப்பு என்று பங்குனி வரை தலை நிமிர நேரம் இருக்காது. தூண்டில் மூலையில் சாத்தியபடியே கிடக்கும்.

என் ரீலும் ஒரு வருசம் அப்படித்தான் கிடந்தது. டிராக் என்பது ரீலின் பிரேக்; மீன் இழுக்கும்போது நரம்பு எவ்வளவு இறுக்கமாக வெளியே போகும் என்பதை அதன் திருகுதான் முடிவு செய்யும். அந்தத் திருகை இறுக்கியபடி, தளர்த்தாமல் மூன்று மாதம். அப்புறம் கொடுமுடியில் காவிரியில் நல்ல கட்லா ஒன்று மாட்டியது. மீன் இழுத்தால் நரம்பு சுற்றியிருக்கும் உருளையான ஸ்பூல் சீராகச் சுழன்று நரம்பை விட வேண்டும். இது ஒரு நொடி அடம் பிடித்தது, வெடுக்கென்று விட்டது, மறுபடி பிடித்தது. அந்த வெட்டிலேயே நரம்பு போச்சு. புது நரம்புங்க.

[காட்சி: திருகைக் கழற்றி, ஸ்பூலின் வாயை நெருக்கத்தில் காட்டுதல்.]

திருகைக் கழற்றிவிட்டு உள்ளே பாருங்கள். மெல்லிய கம்பி வளையம் ஒன்று. அதை ஊசி முனையால் நெம்பினால் வாஷர்கள் வரும்: ஒரு உலோகம், ஒரு ஃபெல்ட், மறுபடி உலோகம். பைக் கிளட்ச் பிளேட் அடுக்கு மாதிரிதான். கழற்றும் முன் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்; வரிசை மாறினால் டிராக் டிராக்காக இருக்காது.

இந்த ஃபெல்ட்தான் விசயம். கம்பளித் துணி போல மெத்தென்று இருக்கும், கிரீஸைக் குடித்து வைத்திருக்கும். மாதக்கணக்கில் நசுக்கி வைத்தால் கிரீஸ் பிதுங்கி வெளியே வந்துவிடும், ஃபெல்ட் தட்டையாகி இறுகிவிடும். என்னுடையதைத் தொட்டால் காய்ந்த அப்பளம் போல இருந்தது. சில ரீல்களில் ஃபெல்ட்டுக்குப் பதில் இருக்கும் கார்பன் வாஷர் இவ்வளவு சீக்கிரம் நசுங்காது. அதற்காக இறுக்கியே வைப்பானேன்? தளர்த்தக் காசா கேட்கிறார்கள்?

கழுவுவதில் மட்டும் வரிசை தலைகீழ். முதலில் திருகை இறுக்குங்கள், தண்ணீர் உள்ளே போகாது. சொம்பில் மொண்டு மெதுவாக ஊற்றினால் போதும். மோட்டார் குழாயைப் பீய்ச்சினால் வண்டல் உள்ளே ஏறிவிடும். கடலுக்குப் போய்வந்தவர்கள் உப்பு போகக் கழுவியே ஆக வேண்டும். பனியன் வேஸ்ட்டால் துடைத்து, நிழலில் உலர்த்தி, அதற்கப்புறம்தான் தளர்த்த வேண்டும். திருகு கழன்று விழாத அளவுக்கு, ஸ்பூல் விரலுக்குத் தாராளமாகச் சுற்றினால் சரி. தகர ஷெட்டில் மட்டும் வைக்காதீர்கள், சித்திரை வெயிலில் கிரீஸ் இளகிவிடும்.

தேங்காய் எண்ணெய் விடலாமா என்று கேட்கிறார்கள். காங்கேயத்துப் பக்கம் செக்குக்குப் பஞ்சமில்லைதான். ஆனால் மார்கழிக் காலையில் பாட்டிலில் அது எப்படி உறைந்து கிடக்கும்? 24 டிகிரிக்குக் கீழே போனால் டிராக்குக்குள்ளும் அதே கதி. துரு எடுக்கும் ஸ்பிரேயும் வேண்டாம், இருக்கிற கிரீஸையும் கரைத்துவிடும். டிராக்குக்கென்றே விற்கும் கிரீஸை ஃபெல்ட்டில் நன்றாகத் தேய்த்து ஊறவிட்டு, மிச்சத்தை வழித்துவிடுங்கள். கார்பனுக்கு மெல்லிய பூச்சு போதும்.

[காட்சி: கொக்கித் தராசில் நரம்பின் நுனியைக் கட்டி இழுத்தல்.]

மறுபடி ஆற்றுக்குக் கிளம்பும் அன்று, கையால் நாலைந்து முழம் நரம்பை இழுத்துவிட்டு, தராசில் கட்டி அளவு வையுங்கள். 10 கிலோ தாங்கும் நரம்பென்றால் இரண்டரையிலிருந்து மூன்று கிலோ இழுப்பில் ஸ்பூல் நகர வேண்டும், விக்காமல்.

தளர்த்தியது மறந்துபோகும். அதனால் 'டிராக் தளர்வு' என்று ஒரு சீட்டெழுதி ரீலில் கட்டிவிடுகிறேன். போன சித்திரையில் அதைப் படிக்காமலே தூண்டில் போட்ட என் மச்சான், மீன் போனபின் அரை மணி நேரம் காவிரிக் கரையில் உட்கார்ந்து நரம்புச் சிக்கலைப் பிரித்துக்கொண்டிருந்தார்.