வண்டிக்குச் சேலை கட்டும் கலை
(மும்பையில் ஒரு தமிழ் மன்றத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

பெருமதிப்பிற்குரிய மன்றத் தலைவர் அவர்களே, எனக்கு முன்னர் பேசி என் நேரத்திலும் பாதியை அன்போடு எடுத்துக்கொண்ட துணைத்தலைவர் அவர்களே, டாக்சி ஓட்டுநர்களின் சார்பில் வந்திருக்கும் மூத்த பெரியவர் அவர்களே, மாலை வகுப்புக்கு ஓர் அறை தருவதாக மேடைக்குப் பின்னால் ஏறத்தாழ ஒப்புக்கொண்டுவிட்ட பள்ளித் தலைமையாசிரியை அம்மையார் அவர்களே, தாராவியிலிருந்தும் மாதுங்காவிலிருந்தும் செம்பூரிலிருந்தும் திரண்டு வந்திருக்கும் தாய்மார்களே, தம்பிமார்களே, அனைவருக்கும் வணக்கம். எனக்குப் பொன்னாடை போர்த்திய அன்பருக்குத் தனியே நன்றி. அந்த ஆடையின் சரிகைக் கட்டம் என் தோளில் எப்படி வளைந்து இறங்குகிறது என்று பாருங்கள். இன்றைக்கு நான் பேச வந்த பொருளே அதுதான்.

வண்டியின் புகைப்படத்தின் மீது ஒரு வடிவத்தைக் கணினியில் ஏற்றும்போது மூன்றைக் கவனிக்க வேண்டும்: பரப்பின் வளைவு, ஒளியும் நிழலும், அச்சுக்குப் போகையில் மாறும் நிறம். சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பார்கள். இங்கே சுவர் என்பது வண்டியின் தகரம்.

தாராவி 90 அடிச் சாலையில் ஒரு ஸ்டிக்கர் கடை. திருநெல்வேலிப் பக்கத்து அண்ணாச்சி ஒருவர், புதிதாக வாங்கிய வெள்ளை வேனோடு அங்கே வந்து, தம் வீட்டம்மாவின் கல்யாணச் சேலையிலுள்ள கட்டம் அப்படியே வண்டியில் வர வேண்டும், ஒட்டுவதற்கு முன் படத்தில் பார்க்க வேண்டும் என்றார். கடைத் தம்பி சுறுசுறுப்பானவன். சேலையைப் படமெடுத்து, வேனின் படத்தின்மேல் பரப்பி, ஓரங்களை வெட்டி, கால் மணி நேரத்தில் திரையைத் திருப்பிக் காட்டினான். அண்ணாச்சி கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார், கழற்றிவிட்டும் பார்த்தார். “ஏலே, வண்டி நல்லாத்தாம்லே இருக்கு. கதவ எங்க வச்ச?” என்றார். கதவின் கோடு இல்லை, கைப்பிடி இல்லை, ஜன்னல் இல்லை, சக்கரத்தில் பாதிக்கும் சேலை சுற்றியிருந்தது. தம்பி அசரவில்லை. “டிசைன மட்டும் பாருங்க அண்ணாச்சி” என்றான். அதுவரை பின்னால் பேசாமல் நின்றிருந்த அம்மையார்தான் வாய் திறந்தார்: “எஞ்சேலைய இஸ்திரி போட்டு வண்டி மேல காயப்போட்டாப்புல இருக்கு.”

எத்தனையோ பாடநூல்கள் சுற்றி வளைத்துச் சொல்வதை அந்த அம்மையார் ஒரே வரியில் சொல்லிவிட்டார். தம்பி சுவரை மறைத்துவிட்டுச் சித்திரம் எழுதியிருந்தான். அவன் செய்திருக்க வேண்டியது என்ன? முதலில், ஓரத்தில் புள்ளி வைத்துக் கோடு இழுக்கும் பென் கருவியால் வண்டியின் உடலை மட்டும் தேர்ந்தெடுத்து, கண்ணாடி, விளக்கு, சக்கரம், கைப்பிடி ஆகியவற்றை லேயர் மாஸ்க் கொண்டு, அதாவது படத்தின் அடுக்கில் வேண்டாத இடத்தை அழிக்காமல் மறைக்கும் திரை கொண்டு, விலக்க வேண்டும். கட்டத்தை முழு வண்டிக்கும் ஒரே துண்டாக விரிக்காமல், பக்கவாட்டுக்கு ஒன்று, முன்மூடிக்கு ஒன்று, பின்கதவுக்கு ஒன்று என்று பிரித்து, ஒவ்வொன்றையும் அந்தந்தப் பரப்பின் சாய்வுக்கு ஏற்பத் திருப்ப வேண்டும். பிறகு அதே புகைப்படத்தின் கறுப்பு வெள்ளைப் படி ஒன்றை எடுத்து, லேசாக மங்கலாக்கி, டிஸ்பிளேஸ் என்னும் வடிகட்டிக்கு, அதாவது பரப்பின் மேடு பள்ளத்துக்கு ஏற்பப் படத்தை நகர்த்தும் கருவிக்கு, வழிகாட்டும் வரைபடமாகத் தர வேண்டும். வெளிச்சமான இடம் கட்டத்தை ஒரு பக்கமும் இருண்ட இடம் எதிர்ப்பக்கமும் நகர்த்தும், நடுச்சாம்பல் அசைக்காமல் விட்டுவிடும். மங்கலாக்காமல் விட்டால் ஒவ்வொரு கீறலுக்கும் கோடு பல்லிளிக்கும்.

ஒளிக்கு வருகிறேன். வெள்ளை வேனுக்கு, கட்டத்தின் லேயரை, மேல் நிறத்தையும் அடி நிறத்தையும் கலந்து இருட்டாக்கும் மல்டிப்ளை நிலையில் வைத்தால் அடியிலுள்ள நிழலும் கதவிடுக்கும் தாமே மேலே தெரியும். பெரியவர் ஓட்டிய பிரீமியர் பத்மினியின் படத்தில் இது செல்லாது. 2023 அக்டோபரோடு மும்பைச் சாலையை விட்டு விடைபெற்ற அந்த டாக்சிக்குக் கூரை மஞ்சள், உடல் கறுப்பு. கறுப்பின்மேல் மல்டிப்ளை வைத்தால் சேலையே இருட்டில் காணாமற்போகும். அங்கே கட்டத்தைச் சாதாரண நிலையில் வைத்து, தகரத்தின் பளபளப்பை மட்டும் தனியே எடுத்து வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டும் ஸ்கிரீன் நிலையில் மேலே போட வேண்டும்.

இத்தனையும் அந்தத் தம்பிக்குத் தெரியாமற்போனது அறிவுக் குறைவால் அன்று. அவனுக்குத் தமிழில் சொல்லிக்கொடுக்க ஆளில்லை. அவன் கடையில் இருந்ததோ யாரோ பூட்டுடைத்துக் கொடுத்த திருட்டு மென்பொருள். 1990-இல் வெளிவந்த ஃபோட்டோஷாப் என்னும் படத்திருத்த மென்பொருள் இன்று மாதந்தோறும் சந்தா கேட்கிறது. நான் போகும் மேடையெல்லாம் சொல்வதையே இங்கும் சொல்கிறேன், சலித்துக்கொள்ளாதீர்கள்: அதே வேலைக்கான கிம்ப் என்னும் மென்பொருள் இலவசம், கட்டற்றது, பழைய கணினியிலும் ஓடும். மாஸ்க், மல்டிப்ளை, டிஸ்பிளேஸ் மூன்றும் அதில் உண்டு. சுவரை வைத்துத்தான் சித்திரம் என்றால், நம் பிள்ளைகளுக்கு முதலில் சுவர் எழுப்பிக் கொடுப்பது இந்த மன்றத்தின் கடமை அல்லவா? விழா மலருக்கு வழவழப்பான தாள் வாங்க முடிகிற நம்மால் நான்கு பழைய கணினிகள் வாங்க முடியாதா? செயலாளர் குனிந்துகொள்கிறார், அவர் குறிப்பெடுப்பதாகவே நான் எடுத்துக்கொள்கிறேன்.

மூன்றாவதாகச் சொன்ன அச்சு நிறத்துக்கு நேரமில்லை என்று மணி அடிக்கிறார்கள். தலைமையாசிரியை அம்மையார் மேடையில் இருக்கும்போதே கேட்டுவிடுகிறேன்: ஞாயிறு மாலை அந்த அறை திறந்திருக்குமா? திறந்திருந்தால், ஸ்டிக்கர் கடைத் தம்பிமார்கள் ஆளுக்கொரு வண்டிப் படத்தோடு வந்துவிடுங்கள். உச்சி வெயிலில் எடுக்காதீர்கள். மேகமூட்டத்தில், பக்கவாட்டில் நின்று, கதவு நன்றாகத் தெரியும்படி எடுத்துக்கொண்டு வாருங்கள். வணக்கம்.